வீட்டு நெட்வொர்க் கேபிளில் கோளாறு கண்டுபிடிப்பது எப்படி? நெல்லைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையிலும் பேட்டையிலும் கேடிசி நகரிலும் புது வீடு கட்டுகிறவர்கள் இப்போது கரண்டு வயரோடு நெட்வொர்க் கேபிளையும் சுவருக்குள் போட்டுவிடுகிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் குடிபோன பிறகு மாடியில் நெட் வராது. ரவுட்டரை மாற்றுவார்கள், பிளானை ஏற்றுவார்கள், வைஃபை பெட்டி ஒன்று கூடுதலாக வாங்குவார்கள். கோளாறோ சுவருக்குள் கிடக்கும் கேபிளிலோ அதன் முனையில் இருக்கும் ஜாக்கிலோ இருக்கும். அதைச் சோதிக்கச் சில நூறு ரூபாய் டெஸ்டரும் கொஞ்சம் பொறுமையும் போதும். மக்கள் வழக்கமாகக் கேட்கிற கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே தருகிறேன்.

நெட் மெதுவா இருக்குன்னா எல்லாரும் ரவுட்டரை மாத்தச் சொல்லுதாங்க. கேபிள்லதான் கோளாறுன்னு எப்படிக் கண்டுபிடிக்க?

ரவுட்டருக்குப் பக்கத்திலேயே லேப்டாப்பைக் கொண்டுபோய், புதிதாக வாங்கிய சின்ன பேட்ச் கார்டு (இரண்டு முனையிலும் ஜாக் போட்டே விற்கும் கேபிள்) ஒன்றால் நேராகச் செருகி வேகத்தைப் பாருங்கள். அங்கே முழு வேகம் வந்து, மாடி அறையின் சுவர் ஜாக்கில் செருகும்போது வராவிட்டால், இடையில் இருக்கும் கேபிளோ ஜாக்கோதான் காரணம். ரவுட்டர் பக்கத்திலேயே வேகம் வராவிட்டால் கேபிளைக் குறை சொல்ல வேண்டாம், நெட் கொடுப்பவரைக் கூப்பிடுங்கள்.

இன்னொரு அடையாளமும் உண்டு. உங்கள் பிளான் 200 அல்லது 300 எம்பிபிஎஸ். ஆனால் கேபிளில் எப்போது சோதித்தாலும் 94, 95 என்றே நிற்கிறது. 100 எம்பிபிஎஸ் இணைப்பில் கைக்குக் கிடைக்கும் வேகம் அவ்வளவுதான். அதாவது ஆயிரத்தில் இணைய வேண்டிய கேபிள் நூறில் இணைந்திருக்கிறது. விண்டோஸில் செட்டிங்ஸ் திறந்து, நெட்வொர்க் பகுதியில் ஈத்தர்நெட்டைத் தொட்டால் லிங்க் ஸ்பீடு என்று ஒரு வரி இருக்கும். அது 1000/1000 என்று காட்ட வேண்டும். 100/100 என்று காட்டினால், எட்டு வயரில் ஒன்றாவது சரியாகப் பிடிக்கவில்லை என்று சந்தேகப்படலாம்.

அதற்கு முன்னால் ஒன்றை உறுதிசெய்துகொள்ளுங்கள். நெட்காரர் வைத்துப்போகும் சில ஓஎன்டி (ஃபைபர் வந்து சேரும்) பெட்டிகளில் ஒரு போர்ட் மட்டும் ஆயிரம், மற்றவை நூறுதான். பழைய கம்ப்யூட்டரிலும் பல டிவிகளிலும் போர்ட்டே நூறுதான். அப்படிப்பட்ட போர்ட்டில் செருகிவிட்டுக் கேபிளைத் தோண்டி எடுக்காதீர்கள்.

"எட்டு வயர்ல நாலு பிடிச்சாலே போதும், நெட் வந்திரும்"னு எங்க எலக்ட்ரீஷியன் சொல்லுதாரே, சரியா?

நூறு எம்பிபிஎஸ் வரைக்கும் அவர் சொல்வது சரி. 1, 2, 3, 6 என்ற நாலு பின்கள் மட்டும்தான் அதில் வேலை செய்யும். ஆனால் 1999-இல் வந்த கிகாபிட் (ஆயிரம் எம்பிபிஎஸ்) முறைக்கு நாலு ஜோடியும், அதாவது எட்டு வயரும், கட்டாயம் வேண்டும். 4, 5 அல்லது 7, 8 ஜோடியில் ஒரு வயர் அறுந்தாலும் இணைப்பு நூறுக்கு இறங்கும். சில கருவிகளில் இறங்காமல், இணைவதும் துண்டிப்பதுமாக விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும்.

இந்த "நாலு போதும்" பழக்கத்தால் வந்த தொல்லை நம் பக்கம் நிறைய. ஒரே கேபிளில் நாலு வயரை நெட்டுக்கும், மீதி நாலைக் காலிங் பெல்லுக்கோ கேமராவுக்கோ இன்டர்காமுக்கோ பிரித்துவிடுகிறார்கள். அன்றைக்கு எல்லாம் ஓடும். பிளானை ஏற்றும் நாளில்தான் வீட்டுக்காரருக்குத் தெரியவரும். உங்கள் சுவர் ஜாக்கைக் கழற்றிப் பார்க்கும்போது நீல வயரோ பழுப்பு வயரோ வெட்டி மடக்கிவிடப்பட்டிருந்தால் கோளாறைக் கண்டுபிடித்துவிட்டீர்கள், டெஸ்டரே வேண்டாம்.

கலர் வரிசை என்ன? ஏன் பச்சையை மட்டும் பிரிச்சுப் போடணும்?

நம் ஊரில் பெரும்பாலும் பி முறை. முழுப்பெயர் டி568பி. கேபிள் முனையில் போடும் ஜாக்கின் கிளிப் கீழ்ப்பக்கமும் தங்கநிறத் தகடுகள் மேல்பக்கமும் இருக்க, கேபிள் நுழையும் பக்கம் உங்களை நோக்கி இருக்கும்படி பிடித்தால், இடமிருந்து வலமாக: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. ஏ முறையில் ஆரஞ்சும் பச்சையும் இடம் மாறும், அவ்வளவுதான். இரண்டு முனையிலும் ஒரே முறை என்றால் எது வேண்டுமானாலும் போடலாம்.

பச்சை ஜோடி 3, 6 என்று பிரிந்து உட்காருவதற்குக் காரணம் டெலிபோன். நடுவில் இருக்கும் 4, 5 இரண்டும் போன் லைனுக்குரிய இடம். அதில் நீல ஜோடியை வைத்தார்கள். அடுத்த ஜோடி அதைச் சுற்றி வெளியே போனது. அந்த ஏற்பாடு அப்படியே நிலைத்துவிட்டது. அதனால் மின்சாரக் கணக்கில் 1-2 ஒரு ஜோடி, 3-6 ஒரு ஜோடி, 4-5 ஒரு ஜோடி, 7-8 ஒரு ஜோடி. கீழே வரும் பதில்களுக்கெல்லாம் இதுதான் அடிப்படை.

லேன் டெஸ்டர் வாங்கியாச்சு. எந்த விளக்கு எரிந்தா என்ன அர்த்தம்?

கேபிளின் இரண்டு முனையையும் ரவுட்டர், கம்ப்யூட்டர் எல்லாவற்றிலிருந்தும் கழற்றிவிடுங்கள். டெஸ்டரில் இருக்கும் இரண்டு பெட்டிகளில் பெரியதை ஒரு முனையிலும் சின்னதை மறுமுனையிலும் செருகி, மெதுவாக ஓடும் நிலையில் வைத்து, சின்னப் பெட்டியைப் பாருங்கள். ஒருவர் கீழே, ஒருவர் மாடியில் நின்று போனில் பேசிக்கொண்டே பார்ப்பது எளிது.

1 முதல் 8 வரை இரண்டு பெட்டியிலும் ஒரே வரிசையில் எரிந்தால் எட்டு வயரும் நேராகப் போகின்றன. ஒரு எண் மறுமுனையில் எரியவே இல்லை என்றால் அந்த வயர் அறுந்திருக்கிறது, அல்லது ஜாக்குக்குள் தகடு வயரைக் கடிக்கவில்லை. இங்கே 3 எரியும்போது அங்கே 1 எரிந்தால் வரிசை மாறிவிட்டது. 1-க்கு 3, 2-க்கு 6, 3-க்கு 1, 6-க்கு 2 என்று ஒழுங்காக மாறினால் ஒரு முனை ஏ, ஒரு முனை பி என்று அர்த்தம். இன்றைய கருவிகள் பெரும்பாலும் அதைத் தாமாகவே சரிசெய்துகொள்ளும். ஆனாலும் ஒரு முனையை மாற்றிவிடுவது நல்லது, நாளைக்கு இன்னொருவர் குழம்ப வேண்டாம். இரண்டு வயர் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தால் அந்த இரண்டு எண்ணும் சேர்ந்து மங்கலாக எரியலாம், இரண்டுமே எரியாமலும் போகலாம். டெஸ்டருக்கு டெஸ்டர் மாறும்.

ஜி என்று ஒன்பதாவது விளக்கு ஒன்று இருக்கும். அது உலோக உறை போட்ட கேபிளுக்கு. வீட்டில் போடும் சாதாரணக் கேபிளில் அது எரியாது. இதைக் கோளாறு என்று நினைத்துக் கேபிளையே மாற்றச் சொன்னவர்கள் உண்டு.

எல்லா விளக்கும் மங்கலாக இருந்தால் முதலில் பேட்டரியை மாற்றுங்கள். பிறகு, டெஸ்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டு முனையிலும் ஜாக்கை ஒட்டிய கேபிளை லேசாக அசைத்துப் பாருங்கள். அசைக்கும்போது ஒரு விளக்கு வந்து வந்து போனால், "சில நேரம் வருது, சில நேரம் வரலை" என்கிற அந்தக் கோளாறு கையில் சிக்கிவிட்டது.

எட்டு விளக்கும் வரிசையா எரியுதுல்லா, அப்புறமும் நெட் விட்டுவிட்டு வருதே?

இந்தப் பக்கத்தில் நான் மிக முக்கியமாக நினைக்கும் கேள்வி இது. மலிவு டெஸ்டர் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: இந்த முனையில் விட்ட மின்சாரம் அந்த முனைக்கு வந்ததா? வந்தால் விளக்கு எரியும். அந்த வயர் எந்த வயரோடு முறுக்கப்பட்டு வந்தது, உள்ளே இருப்பது காப்பரா அலுமினியமா, ஈரம் ஏறியிருக்கிறதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. விளக்கு எட்டும் எரிந்தால் வயர்கள் இணைந்திருக்கின்றன என்று மட்டும்தான் அர்த்தம். கேபிள் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை.

விளக்கு எரிந்தும் வேலை செய்யாததற்கு முதல் காரணம் ஜோடி பிரிந்துபோவது. வேலை செய்கிறவர்கள் ஸ்ப்ளிட் பேர் என்பார்கள். கலர் வரிசை தெரியாத ஒருவர் ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என்று ஜோடி ஜோடியாக அழகாக அடுக்கி, இரண்டு முனையிலும் அதே மாதிரி கிரிம்ப் செய்துவிடுகிறார். 1-க்கு 1, 2-க்கு 2 என்று எல்லாம் நேராகப் போகிறது. டெஸ்டர் பாஸ் சொல்லிவிடும். ஆனால் 3-ஆம் பின்னில் வெள்ளை-பச்சை, 6-ஆம் பின்னில் நீலம். ஒரே சிக்னலைச் சுமக்க வேண்டிய இரண்டு வயர் இரண்டு வேறு வேறு முறுக்கில் கிடக்கின்றன. 4, 5-க்கும் இதே கதி.

முறுக்கு சும்மா போட்டதல்ல. ஜோடியில் ஒரு வயரில் சிக்னல் ஏறும்போது மற்றதில் அதே அளவு இறங்கும். மறுமுனையில் இருக்கும் கருவி இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். வெளியிலிருந்து வரும் இரைச்சல் முறுக்கின் காரணமாக இரண்டு வயரிலும் சமமாக விழுவதால் கழிந்துபோகும். ஜோடியைப் பிரித்துவிட்டால் இரைச்சல் இப்படிக் கழியாது. பக்கத்து ஜோடியின் சிக்னல் இதில் ஒழுகும். ஒன்றிரண்டு மீட்டர் பேட்ச் கார்டில் இது தெரியாமலே ஓடிவிடும். கீழ்வீட்டிலிருந்து மொட்டைமாடி வரை இழுத்த கேபிளில் தெரியும்: வேகம் குறையும், வீடியோ கால் உறையும், திடீரென்று இணைப்பு விழும்.

கண்டுபிடிக்க உங்கள் கண் போதும். ஜாக் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிகிற பிளாஸ்டிக்தான். நல்ல வெளிச்சத்தில் பிடித்து நிறங்களை வாசியுங்கள். பி முறையில் பச்சைக்கு நடுவிலும், ஏ முறையில் ஆரஞ்சுக்கு நடுவிலும் நீல ஜோடி உட்கார்ந்திருந்தால் சரி. அப்படி எந்த ஜோடியும் பிரியாமல் எல்லாமே ஜோடி ஜோடியாகப் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் இரண்டு முனையையும் வெட்டிப் புதிதாகப் போடுங்கள். கொஞ்சம் விலை கூடிய டெஸ்டர்கள் ஜோடி பிரிவைத் தாமாகவே காட்டும். ஒரே வீட்டுக்காக அதை வாங்க வேண்டியதில்லை. வேலையே இதுதான் என்கிறவர் கட்டாயம் வாங்க வேண்டும்.

கேபிள் காப்பரா அலுமினியமான்னு எப்படிப் பார்க்க? பெட்டியில கேட்6னுதான் போட்டிருக்கு.

விளக்கு எரிந்தும் வேலை செய்யாததற்கு இரண்டாவது காரணம் இது. அலுமினியக் கம்பிக்கு மேலே மெல்லிய காப்பர் பூச்சு. சிசிஏ என்பார்கள். மேலே பார்க்கக் காப்பர் நிறம்தான். விலை நன்றாகக் குறைவு, பெட்டியைத் தூக்கினாலே எடையும் குறைவாகத் தெரியும். அலுமினியத்துக்கு மின்தடை கூடுதல், இரண்டு மூன்று தரம் வளைத்தால் முறிந்துவிடும். முறையான கேட்5இ, கேட்6 தரத்தில் இதற்கு இடமே இல்லை. பெட்டியில் என்ன அச்சிட்டிருந்தாலும் சரி.

ஒரு வயரின் மேல்தோலை உரித்து, பிளேடால் கம்பியைச் சுரண்டுங்கள். உள்ளேயும் செம்பு நிறம் என்றால் காப்பர். வெள்ளி மாதிரி வெளுப்பாகத் தெரிந்தால் அலுமினியம். வெட்டிய முனையை உற்றுப் பார்த்தாலும் தெரியும்.

ஏற்கெனவே சுவருக்குள் போய்விட்ட கேபிள் என்றால் மல்டிமீட்டர் இருக்கிறது. மறுமுனையில் ஒரு ஜோடியின் இரண்டு வயரையும் உரித்து ஒன்றாக முறுக்குங்கள். இந்த முனையில் அந்த இரண்டுக்கும் நடுவே ஓம் அளவைப் பாருங்கள். மீட்டரின் இரண்டு கம்பியையும் தொடவைத்தால் காட்டுகிற சிறு அளவைக் கழித்துக்கொள்ளுங்கள். 30 மீட்டர் கேபிளுக்கு, நல்ல காப்பர் கேட்5இ சுமார் 5 ஓம் காட்டும், சற்றுத் தடித்த கம்பியுள்ள கேட்6 சுமார் 4 ஓம். இந்தக் கணக்கு 20 டிகிரி வெப்பத்துக்கு உரியது. நம் சித்திரை வெயிலில் மாடிச் சுவர் 40 டிகிரிக்குச் சூடாகியிருந்தால் 5 என்பது 5.4 ஆகும், பயப்பட வேண்டாம். 7, 8 ஓம் வந்தால் அது அலுமினியம், அல்லது தரத்துக்குக் குறைந்த மெலிந்த கம்பி. இரண்டும் வீட்டுச் சுவருக்குள் இருக்கத் தகாதவை.

நாலு ஜோடியையும் இப்படி அளந்து ஒப்பிடுங்கள். மூன்று ஜோடி 5 ஓம் காட்ட, ஒன்று மட்டும் 9 காட்டினால் அந்த ஜோடியின் ஏதோ ஒரு முனையில் இணைப்பு தளர்ந்திருக்கிறது.

புது வீடு கட்டுகிறவர்களுக்கு நான் வலியுறுத்திச் சொல்வது: டைல்ஸிலும் கதவிலும் குறைக்க இடமுண்டு, இந்தக் கேபிளில் குறைக்காதீர்கள். 305 மீட்டர் பெட்டி ஒன்று வாங்கினால் சாதாரண வீட்டுக்கு மிஞ்சும். காப்பருக்கும் சிசிஏவுக்கும் உள்ள விலை வித்தியாசம், பின்னால் ஒரு சுவரை உடைத்துப் பூசுகிற கூலிக்கு ஈடாகாது.

சுவருக்குள்ள எங்க அறுந்திருக்குன்னு உடைக்காம கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். ஆனால் முதலில் முனைகளைப் பாருங்கள். பெரும்பாலும் கோளாறு ஜாக்கில்தான் இருக்கும், நடுக்கேபிளில் அல்ல. இரண்டு முனையிலும் ஓர் அங்குலம் வெட்டிவிட்டுப் புது ஜாக் போட்டுச் சோதியுங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் மேலே போகலாம்.

டிடிஆர் என்கிற கருவி கேபிளுக்குள் ஒரு துடிப்பை அனுப்பி, அறுந்த இடத்தில் பட்டுத் திரும்பிவரும் நேரத்தை வைத்து "இத்தனையாவது மீட்டர்" என்று சொல்லிவிடும். சில மேனேஜ்டு நெட்வொர்க் ஸ்விட்சுகளில் கேபிள் டெஸ்ட் என்று இதே வசதி இருக்கிறது. லினக்ஸில் ஈத்டூல் கட்டளையிலும் கேபிள் சோதனை உண்டு. உங்கள் நெட்வொர்க் சிப் அதற்கு இடம்கொடுக்க வேண்டும்.

இவை எதுவும் இல்லாவிட்டாலும் கெபாசிடன்ஸ் அளக்கும் மல்டிமீட்டர் ஒன்று போதும். கேபிளின் ஒரு ஜோடி ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் சுமார் 50 பிக்கோஃபாரட் காட்டும். ஆயிரம் பிக்கோ ஒரு நானோ. இரண்டு முனையையும் எல்லாவற்றிலிருந்தும் கழற்றிவிட்டு, அறுந்த வயரையும் அதன் ஜோடியையும் பட்டாசாலை முனையிலிருந்து அளக்கிறீர்கள்: 0.4 நானோஃபாரட். மாடி முனையிலிருந்து அளக்கிறீர்கள்: 1.2. இரண்டும் சேர்ந்து 1.6. பக்கத்து நல்ல ஜோடியை அளந்தால் அதுவும் 1.6 காட்டினால் கணக்கு ஒத்துவருகிறது. 1.6 என்றால் மொத்த நீளம் சுமார் 32 மீட்டர். 0.4 அதில் கால்பங்கு. ஆக, பட்டாசாலையிலிருந்து ஏறக்குறைய 8-ஆவது மீட்டரில் அறுந்திருக்கிறது. அந்த இடத்தில் சுவரைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே ஒரு படமோ அலமாரியோ மாட்டுவதற்கு ஆணி அடித்திருப்பார்கள்.

கட்டுமானம் நடக்கு. எப்போ டெஸ்ட் பண்ணணும்?

மூன்று தரம். கேபிளை இழுத்து முடித்ததும் ஒன்று, பூச்சு முடிந்ததும் ஒன்று, பெயின்ட் முடிந்து ஜாக் மாட்டிய பிறகு ஒன்று. முதல் இரண்டையும்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். பூச்சுக்கு முன்னால் கண்டுபிடித்த கோளாறுக்கு கேபிளை உருவி வேறு போட்டால் போதும். அதற்கப்புறம் சுவரை உடைக்க வேண்டியதுதான்.

இழுக்கும்போது பலம் காட்ட வேண்டாம். நாலு ஜோடிக் கேபிளுக்கு இழுவிசை 110 நியூட்டனுக்குள், அதாவது சுமார் 11 கிலோ எடைக்குள், இருக்க வேண்டும். பைப்பில் சிக்கினால் இரண்டு பேர் சேர்ந்து இழுக்காமல் எங்கே சிக்கியது என்று பாருங்கள். வளைவின் ஆரம் கேபிளின் தடிமனைப்போல நாலு மடங்குக்குக் குறையக் கூடாது. கரண்டு வயர் போகும் பைப்பிலேயே இதையும் நுழைப்பதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். இரைச்சல் ஒருபக்கம், உயிருக்கு ஆபத்து மறுபக்கம். இரண்டும் தனித்தனிப் பைப்பில், இடைவெளி விட்டுப் போகட்டும்.

ஜாக் மாட்டும் சுவர்ப் பெட்டிக்குள் ஓர் அடி கேபிளாவது சுருட்டி விட்டுவைக்கச் சொல்லுங்கள். முனையில் டேப் ஒட்டி, "மாடி கிழக்கு அறை" என்று எழுதச் சொல்லுங்கள். ஒயிட் சிமென்ட் பட்டி பார்க்கும் முன் ஜாக் வாயை மூடச் சொல்லுங்கள். இதற்கெல்லாம் செலவு கிடையாது.

பேர் எழுதாம பத்து கேபிள் ஒரே இடத்துல தொங்குது. எது எங்க போகுதுன்னு தெரியலை.

டெஸ்டரின் சின்னப் பெட்டியை ஓர் அறையில் செருகிவிட்டு, பெரிய பெட்டியை ஒவ்வொரு கேபிளாகச் செருகிப் பாருங்கள். ஜாக் போடாத கேபிள் என்றால் டோனர் வேண்டும். ஒரு முனையில் ஓசை விட்டு, மறுமுனையில் அதனோடு வரும் குச்சியால் தடவினால் சத்தம் போட்டுக் காட்டும். கண்டுபிடித்ததை அப்போதே எழுதி ஒட்டிவிடுங்கள்.

சுவர்ல இருக்கிற ஐஓ பாக்ஸ்ல கலர் வரிசை வேற மாதிரி இருக்கே?

ஐஓ பாக்ஸ் என்பது சுவரில் ஜாக் மாட்டியிருக்கும் பெட்டி. அதில் வேறாகத்தான் இருக்கும். பின்பக்கம் வயர் குத்துகிற இடத்தின் வரிசையும் முன்பக்கப் பின் வரிசையும் ஒன்றல்ல, உள்ளே மாற்றிக்கொள்ளும். பக்கத்தில் ஏ, பி என்று நிறக் குறிகள் ஒட்டியிருக்கும். மறுமுனை பி என்றால் இங்கேயும் பி வரியைப் பார்த்துக் குத்துங்கள், மனப்பாட வரிசையில் குத்தாதீர்கள்.

குத்துவதற்குப் பஞ்ச் டூல் வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் அழுத்தினால் உள்ளிருக்கும் கத்தித்தகடு விரிந்துவிடும். சில மாதம் கழித்து ஒரு வயர் மட்டும் தொடர்பு விட்டுவிடும். முறுக்கைப் பிரிப்பது அரை அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. கேபிளின் வெளித்தோல் ஜாக்குக்கு உள்ளேவரை போய், கிரிம்ப் அதன்மேல் இறுக வேண்டும். வெறும் வயர்கள் மட்டும் ஜாக்கில் தொங்கினால் அது நிலைக்காது.

டவுன்ல எங்க வீடு பழைய வீடு. சுவரைத் தோண்ட முடியாது, மொட்டைமாடி வழியா வெளியேதான் கேபிள் வருது.

ரதவீதிகளை ஒட்டிய பழைய வீடுகளில் சுவரின் கனத்தைப் பார்த்தால் வெளிவழிதான் வழி. ஆனால் வீட்டுக்குள் போடும் கேபிளின் வெளித்தோல் நம் வெயிலைத் தாங்காது. வெளுத்து, வெடித்து, அந்த வெடிப்பு வழியே ஐப்பசி மழை உள்ளே இறங்கும். வெளியில் போட கறுப்புத்தோல் அவுட்டோர் கேபிள் தனியே விற்கிறார்கள். அம்பை, பாபநாசம், தென்காசிப் பக்கம் மாதக்கணக்கில் சாரல் அடிக்கிற இடங்களில் அது இல்லாமல் போடவே வேண்டாம். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் கீழ்நோக்கி ஒரு வளைவு விடுங்கள், நீர் அங்கேயே சொட்டிவிடும். அணிலும் எலியும் நடமாடுகிற ஓட்டுக்கூரைக்குள் போகும் பகுதியைப் பைப்புக்குள் விடுங்கள்.

உவரி, இடிந்தகரை, கூத்தங்குழி மாதிரிக் கடலோர ஊர்களில் எதிரி உப்புக்காற்று. ஜாக்கின் தகட்டில் பச்சைப்பூச்சு படியும். டெஸ்டர் ஓகே சொல்லும், நெட் விட்டுவிட்டு வரும். முலாம் மெலிந்த மலிவு ஜாக்கு அங்கே உதவாது.

2023 வெள்ளத்துல தண்ணிக்குள்ள கெடந்த கேபிள். காஞ்சிருச்சு, டெஸ்டர்லயும் எரியுது. வச்சுக்கலாமா?

அந்த டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரைமீறி ஜங்ஷன், வண்ணாரப்பேட்டை, சிந்துபூந்துறைப் பக்கமெல்லாம் வீடுகளுக்குள் நின்றது சேற்றுத்தண்ணீர். மூழ்கிய ஜாக், ஐஓ பாக்ஸ் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். கேபிளின் வெட்டிய முனை தண்ணீருக்குள் இருந்திருந்தால் நீர் தோலுக்குள் ஏறியிருக்கும். வெளியே காய்ந்தாலும் உள்ளே எளிதில் காயாது. முனையிலிருந்து ஓரடி உரித்துப் பாருங்கள். கம்பி பளபளப்பாக இருந்தால் அதுவரை வெட்டிவிட்டுப் புது ஜாக் போடலாம். கறுத்தோ பச்சை பிடித்தோ இருந்தால் மொத்தக் கேபிளையும் மாற்றுங்கள். ஆற்றோர வீடுகளில் புதிதாகப் போடும்போது ஜாக்கைத் தரையை ஒட்டி வைக்காமல் ஸ்விட்ச்போர்டு உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள்.

இடி விழுந்ததுல இருந்து நெட் இல்லை. கேபிள் போச்சா, போர்ட் போச்சா?

கேபிளை டெஸ்டரில் பாருங்கள். ஒழுங்காக எரிந்தால் ரவுட்டரில் வேறு போர்ட்டில் செருகிப் பாருங்கள், பிறகு வேறு கம்ப்யூட்டரில். இடியில் முதலில் சாவது பெரும்பாலும் போர்ட்தான். கோடைமழைக்காலத்திலும் ஐப்பசி, கார்த்திகையிலும் மேகம் திரளும்போதே பிளக்கோடு நெட்வொர்க் கேபிளையும் கழற்றுங்கள். பிளக்கை மட்டும் பிடுங்கினால் கேபிள் வழியே வந்துவிடும். வீட்டிலிருந்து தோப்பு மோட்டார் அறைக்கோ தம்பி வீட்டுக்கோ இழுப்பதாக இருந்தால் காப்பரே வேண்டாம், ஃபைபர் போடுங்கள். அது மின்சாரத்தைக் கடத்தாது. தோப்பு 100 மீட்டருக்கு அப்பால் என்றால் காப்பர் எட்டவும் எட்டாது. காப்பர் கேபிளின் எல்லை அதுதான்.

கேமரா கேபிளை டெஸ்ட் பண்ணலாமா?

பண்ணலாம், ஆனால் கரண்டு கொடுக்கும் பெட்டியிலிருந்து கழற்றிய பிறகுதான். கேமராவுக்குக் கேபிள் வழியாகவே மின்சாரம் போகிறது. மலிவு இன்ஜெக்டர்கள் (கேபிளுக்குள் மின்சாரம் ஏற்றும் பெட்டிகள்) மறுமுனையில் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே வோல்டேஜ் விடும், டெஸ்டர் போய்விடும். பழைய லேண்ட்லைன் சாக்கெட்டிலும் டெஸ்டரைச் செருகாதீர்கள், அதில் 48 வோல்ட் இருக்கும். சிசிஏ கேபிளில் இப்படி மின்சாரம் அனுப்பினால் கேபிள் சூடாகும், கேமராவுக்குப் போதிய வோல்டேஜும் போய்ச் சேராது. ராத்திரியில் இன்ஃப்ராரெட் விளக்கு எரியும்போது மட்டும் கேமரா அணைந்து அணைந்து வந்தால் முதலில் கேபிளின் ஓம் அளவைப் பாருங்கள்.

அறுந்த இடத்துல முறுக்கி டேப் சுத்தினா போதாதா?

போதாது. கரண்டு வயருக்கு உதவுகிற அந்த முறை இங்கே முறுக்கைக் கெடுத்து, ஈரத்தையும் உள்ளே விடும். இரண்டு முனைக்கும் ஜாக் போட்டுக் கப்ளரால் சேருங்கள். சேர்க்கும் இடம் சுவருக்குள் புதையாமல், திறந்து பார்க்கக்கூடிய பெட்டிக்குள் இருக்கட்டும்.

வேலை முடிச்சவர்கிட்ட பணம் கொடுக்கும் முன்னால என்ன கேக்கணும்?

ஒவ்வொரு கேபிளையும் உங்கள் கண்முன்னே டெஸ்டரில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஜாக்கின் நிறங்களை நீங்களே வாசியுங்கள். பிறகு ஒரு லேப்டாப்பை ஒவ்வொரு அறை ஜாக்கிலும் செருகி லிங்க் ஸ்பீடு 1000 காட்டுகிறதா என்று பாருங்கள். கால்மணி நேரம் பெரிய கோப்பு ஒன்றை ஓடவிட்டு இணைப்பு விழாமல் நிற்கிறதா என்றும் பாருங்கள். கேபிளின் தரத்தை அளந்து சான்று கொடுக்கும், லட்சக்கணக்கில் விலைபோகும் சர்டிஃபையர் கருவி ஆபீஸ்களுக்குத்தான், வீட்டுக்கு இவ்வளவு போதும். நல்ல வேலைக்காரர் இதைக் கேட்டதும் முகம் சுளிக்க மாட்டார், அவரே முந்திக்கொண்டு காட்டுவார். அப்படி ஒருவர் கிடைத்தால் மீதிக் கேபிளையும், எந்த ஜாக் எந்த அறைக்கு என்று எழுதிய தாளையும் வாங்கி ரவுட்டர் பெட்டிக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.